துரையின் காரில் ஒரு கொழுந்து

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதை நிர்வகித்த துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய இரண்டு இருக்கை வேகக் காரின் பின்சக்கரங்களுக்கு மேல் பாரம் தாங்கும் வில்பட்டைகள் உடைந்தபோது, பங்களா முற்றத்திலேயே கழற்றிப் புதியவற்றைப் பூட்டினேன். மூன்று முறை பூட்டியும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது, மேடுபள்ளத்தில் முனகியது. மறுநாள் காலை துரை பண்டாரவளைக்குப் போகவேண்டும். சரியாகாவிட்டால் எனக்கு மறுபடியும் தேயிலை மலையில் கூலிவேலைதான்.

நான்காம் முறை பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிப் பட்டைகளின் திருகாணிகளை முறுக்கும்போது, பறித்த கொழுந்தைக் கூடையோடு நிறுக்கக் கொண்டுபோன தோட்டக்காரி மாரியாயி நின்று பார்த்தாள்.

"சக்கரம் அந்தரத்துல தொங்குதே, இப்பவேவா இறுக்குவீங்க?"

"பின்ன எப்ப?"

"வெறுங்கூடையில தலையில மாட்டுற கயித்த அளவு பாத்து முடிச்சு போட்டா, கொழுந்து நெறஞ்சதும் கழுத்த இழுக்கும்ணே. நாங்க பாரத்த வச்சுத்தான் முடிச்சு போடுவோம்."

சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் செய்துபார்க்கும் ஆவல் விடவில்லை. ஆணிகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, ஒரு இருக்கையில் அவளையும் மற்றதில் நிறைந்த கூடையையும் ஏற்றினேன். துரை பார்த்துவிடுவாரோ என்று பங்களாவைப் பார்த்துக்கொண்டே நுனியில் உட்கார்ந்தாள். பட்டைகள் மெல்லத் தாழ்ந்து நிலைத்தன. அப்படியே இறுக்கினேன்.

மறுநாள் வண்டி சாயவில்லை, முனகவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் துரை.

"யாருமில்லீங்க தொரை. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

இருக்கை இடுக்கிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துக் காட்டினார். காற்றில் வந்திருக்கும் என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளைப் பாரம் ஏற்றித்தான் இறுக்கியிருக்கிறேன். எவரிடமும் அவள் பெயரைச் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.