தூளில் வண்டு என்று சொன்னேன்

ஒரு ஞாயிறு பின்னேரம் என் கணவருக்குக் குளிர் பிடித்தது. கராஜிலிருந்து வந்து சோபாவில் இருந்தவர், இரண்டு போர்வை போர்த்தியும் பல் அடிக்க நடுங்கினார். வாயெல்லாம் ஒரு மாதிரி இனிக்கிறது என்றார். நெஞ்சு இறுகுகிறது என்று சொன்னதும் நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

“நீர் பயப்பிடாதையும். சும்மா ஃபுளூவாத்தான் இருக்கும்.”

எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் கூட இருந்தது. கனடாவில், அஜக்ஸ் என்னும் ஊரில், எங்கள் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் போகும் வழி நெடுக, அங்கே கேட்டால் என்ன சொல்வது என்பதையே யோசித்துக்கொண்டு போனேன். நோயைவிட நோயின் காரணத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்னைப் போல இன்னும் இருப்பீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவசரப் பிரிவில் தாதி, சுகமில்லாமல் வருவதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். “சமையல்” என்றேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர்.

திரையை விலக்கிக்கொண்டு வந்த வைத்தியர் இளம் பெண். அவர் கேள்வியைத் திரும்பவும் கேட்டார், இம்முறை கணவரைப் பார்த்து. கணவர் ஒளிக்கவில்லை. நாகம் (துத்தநாகம்) உருக்கியதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, துப்பாக்கிச் சன்னம் வார்ப்பதற்கு என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் கார் ரயர் மாற்றும் கடையில் வேலை செய்கிறார். அங்கே கூட வேலை செய்யும் ஒருவர் இலையுதிர் காலத்தில் வடக்கே மான் வேட்டைக்குப் போகிறவர். அவரோடு ஒருமுறை போய் வந்ததிலிருந்து இவருக்கும் அந்தப் பித்து. லைசன்ஸ், பூட்டு, அலுமாரி எல்லாம் சட்டப்படிதான். பிறகு சன்னத்தைத் தானே வார்க்கப் பழகினார். கார்ச் சில்லுகளைச் சமன் செய்யப் பொருத்தும் பழைய ஈயக்கட்டிகள் கடையில் கிடக்கும். அவற்றைக் கொண்டுவந்து கராஜில் உருக்குவார். நிதானமும் பொறுமையும் உள்ள மனிதர், கைவேலை சுத்தமாக இருக்கும். எனக்கு அதில் பிழை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், வெளியே சொல்ல முடியாது என்பதுதான்.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். துப்பாக்கி ரவையையும் குண்டுச் சிதறலையும் எங்கள் ஊரில், யாழ்ப்பாணத்தில், சன்னம் என்போம். போர்க் காலத்தில் அதற்குத் தப்பி ஓடிவந்த சனம் நாங்கள். என் தங்கை சுதாவின் முழங்காலுக்குள் இன்றும் ஒரு சன்னம் கிடக்கிறது. சின்ன வயதில் பட்டது. எடுத்தால் நடை போய்விடும் என்று அந்தக் கால வைத்தியர் அப்படியே தைத்துவிட்டார். குளிர் காலத்தில் அவள் அந்தக் காலை நீட்டித்தான் இருப்பாள். அப்படிப்பட்ட வீட்டு மருமகன் கராஜில் சன்னம் வார்க்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் எங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

அந்த வைத்தியர் காய்ச்சலைப் பெரிதாக எடுக்கவில்லை. உலோகப் புகைக் காய்ச்சல் (உருகிய உலோகத்தின் ஆவியைச் சுவாசித்துச் சில மணி நேரத்தில் வரும் நடுக்கமும் சுரமும்) என்றார். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்குள் இறங்கிவிடும் என்றார். போக எழும்பியவர் நின்று, நாகத்துக்கு முன் எதை உருக்கினீர்கள் என்று கேட்டார்.

“ஈயம்.”

ஏன் மாற்றினீர்கள் என்றார்.

“ஈயம் நஞ்சு எண்டு கேள்விப்பட்டன். நாகம் பயமில்லை எண்டு நினைச்சன்,” என்றார் கணவர், ஆங்கிலத்தில்.

நாகம் அவருக்குச் சொல்வழி கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வார்த்தவை சுருக்கம் விழுந்து, அச்சு நிரம்பாமல், பாரமில்லாமல் வந்தன. அவர் விடாமல் சூட்டைக் கூட்டியிருக்கிறார். வெள்ளைப் புகை வந்தபோதும் நிறுத்தவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று நான் பிறகு அவரைப் பகிடி பண்ணியதுண்டு. அன்றைக்கு வைத்தியர் சிரிக்கவில்லை. கணவருடைய இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, நீங்களும் அந்தக் கராஜுக்குள் போவீர்களா என்று கேட்டார்.

போவேனா? அதுதானே என் குசினி.

கனடாவில் எங்கள் ஆட்களின் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் வீட்டுக்குள் செய்தால் கம்பளிக் கோட்டு வரைக்கும் மணக்கும். அதனால் கராஜில் ஒரு காஸ் அடுப்பு, ஒரு பெரிய தாச்சி, ஒரு அரைக்கும் மெஷின். என் மிளகாய்த்தூளுக்குப் பெயர் இருந்தது. சுதா நகரத்தின் மறுபக்கம், ரெக்ஸ்டேலில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு மாதத்துக்கு ஒரு போத்தல் போகும். கோயிலில் பழகிய சில வீடுகளுக்கும் போகும். “உங்கட தூள் போட்டால் கறிக்கு வேற ஒண்டும் வேண்டாம் தங்கச்சி,” என்று அன்ரிமார் சொல்வதைக் கேட்க எனக்கு நல்ல விருப்பம்.

அந்த ஒரே அடுப்பில்தான் அவர் ஈயமும் உருக்கினார். சட்டி வேறு, அடுப்பு ஒன்று. நான் துப்புரவுக்காரி. அடுப்பையும் மேசையையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மிளகாயைக் கொட்டுவேன். அதே துணியால் தாச்சியையும் ஒருக்கால் துடைப்பேன்.

என் வயிற்றை அடிக்கடி முறுக்கிப் பிடித்தது. மலச்சிக்கல், களைப்பு, படியேற மூச்சு வாங்கியது. குடும்ப வைத்தியர் இரத்தச்சோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவது) என்று இரும்புச்சத்துக் குளிசை தந்திருந்தார். மாதவிடாய் நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். கணவர் முட்டிநோவென்றும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தும் திரிந்தார். அதை அவருடைய குணம் என்று கணக்கில் வைத்திருந்தேன். எனக்கும் இரத்தம் எடுத்தார்கள்; பரிசோதனை முடிவு வந்தபோது இரண்டு பேருக்கும் ஈயநஞ்சு. அவருக்கு அதிகம், எனக்குக் கொஞ்சம் குறைவு.

சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்து கராஜைத் துடைத்து மாதிரி எடுத்தார். தூள் போத்தலையும் கொண்டுபோனார். தூளில் ஈயம் இருந்தது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, யார் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களுக்கு உடனே சொல்லுங்கள் என்றார்.

நான் சொன்னேன். எல்லோருக்கும் போன் எடுத்து, தூளில் வண்டு பிடித்துவிட்டது, கொட்டிவிடுங்கள் என்றேன். ஈயம் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வண்டு என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். சுதாவுக்கும் அதையேதான் சொன்னேன்.

அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கும் கனகாலம் காத்திருந்து, இனி இல்லை என்று விட்ட பிறகு வந்தது. அது தெரிந்திருந்தும் வண்டு என்று சொன்னேன்.

கணவருக்கு, ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். அழுகல் முட்டை போல மணக்கும். முகம் சுளித்துக்கொண்டு விழுங்கினார். எனக்கு மருந்து தேவைப்படவில்லை. ஈயத்திடம் போகாமலிருந்தாலே இரத்தத்தில் இறங்கும் என்றார்கள். இறங்கியது. வயிறு இளகியது. படி ஏறினேன். கணவர் சிடுசிடுப்புக் குறைந்து, ஒருநாள் தேத்தண்ணி போட்டுத் தந்தார். கராஜைக் கழுவித் துடைக்க ஆட்கள் வந்தார்கள். அடுப்பையும் அச்சுகளையும் அவர் தானே கொண்டுபோய் நச்சுக் கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் சுதா போன் எடுத்தாள். அவள் முழங்காலில் சன்னம் இருப்பதை அறிந்த வைத்தியர், முன்னெச்சரிக்கையாக ஈயத்துக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார். அளவு கூடி இருந்தது.

“அந்தச் சன்னந்தானாம் அக்கா. மூட்டுக்குள்ள கிடந்து கரையுதாம். இவ்வளவு வருசமும் சும்மா கிடந்திட்டு இப்ப என்ர பிள்ளையிட்ட வந்திருக்குது. வெட்டி எடுக்கிறதோ எண்டு கதைக்கினம்.” அவள் அழுதாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மிச்சத்தை எழுதுவதில் பிரயோசனமில்லை. அந்த நொடியில் என் மனதில் வந்தது, நல்லவேளை, பழி ஊரில் நடந்த சண்டையின் தலையில் விழுந்தது என்பதுதான். எத்தனையோ பழி சுமக்கிற சண்டை, இதையும் சுமக்கட்டும். என் தங்கை அழ, நான் போனைப் பிடித்துக்கொண்டு இப்படி நினைத்தேன்.

பிறகு கேட்டேன். “தூளைக் கொட்டினனீயெல்லோ?”

“என்ன இப்ப தூள்? கொட்டுறதோ? அரிச்சுப் பாத்தன், ஒரு வண்டையும் காணேல்லை. யன்னல் வெயிலில காய வைச்சுத் திரும்ப ஒருக்கா வறுத்து வைச்சிருக்கிறன். உன்ர தூளை ஆரும் கொட்டுவினமே?”

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வண்டுக்குப் பயந்து வீட்டுத் தூளை எறிகிற யாழ்ப்பாணத்துப் பொம்பிளையை நான் கண்டதில்லை. அது தெரிந்தும்தான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கே கணவரும் நானும் ரெக்ஸ்டேலுக்குப் போனோம். 401 நெடுஞ்சாலையில் நெரிசல். அவள் குசினி மேசையில் போத்தல் இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கராஜ், ஈயம், சன்னம், அடுப்பு. அவள் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

“பிழை என்ர. அவவின்ர இல்லை,” என்றார் கணவர்.

“அத்தான், நீங்கள் கொஞ்சம் பேசாம இருங்கோ.” பிறகு என்னிடம், “நீ வண்டெண்டு சொன்னனீ” என்றாள்.

“ஓம்.”

“ஈயமெண்டு சொல்லியிருந்தா நான் கொட்டியிருப்பன் அக்கா.”

ஏசுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். ஏசியிருக்கலாம். போத்தலைப் பையில் கட்டி என் கையில் தந்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவளுடைய வைத்தியரிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்தார். சுண்ணாம்புச்சத்துக் குளிசை கொடுத்தார். ஈயம் எலும்பில் போய்த் தங்கும் என்றும், தாய்க்குச் சுண்ணாம்பு போதாவிட்டால் பிள்ளைக்காக எலும்பு கரையும்போது ஈயமும் சேர்ந்து வரும் என்றும் விளக்கினார். தூள் நின்ற பிறகு அவளுக்கு மெல்ல மெல்ல இறங்கியது. அதை அவளின் புருசன்தான் எனக்குச் சொல்வார். அவள் என்னோடு கதைக்கவில்லை.

மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போன் எடுத்தேன். இம்முறை உள்ளதைச் சொன்னேன். சிலர் இரத்தம் பார்க்கப் போனார்கள். ஒரு அன்ரி மட்டும், “உங்கட மனுசன் சன்னமே செய்யிறவர்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். கோயிலில் இப்போது என்னைக் கண்டால் சிரிப்பார், கிட்ட வரமாட்டார். அது எனக்குக் காணும், போதும். சொன்ன பிறகு வந்த வெட்கம், சொல்லாமல் வைத்திருந்த வெட்கத்தைவிடத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான். வைத்தியர் கேட்டால் சமையல் என்று சொல்லாதீர்கள்.

என் வைத்தியர் கடைசியாகப் பார்த்தபோது, ஈயம் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் போய்விட்டது என்றார். எலும்பில் இருப்பது பத்து இருபது வருடங்கள் இருக்கும் என்றார். வயது போகப் போக எலும்பு தேயும்போது அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நோய் வந்தது, போனது என்று சொல்லப் பழகியவள் நான். இது போகிற நோயல்ல. என் முதுமைக்கு முன்னமே அங்கே போய்க் காத்துக்கொண்டிருக்கிறது. சுதாவுக்குச் சன்னம் பட்டது சண்டையில். என் உடம்பில் இருப்பது நான் வறுத்து, அரைத்து, ருசி பார்த்து ஏற்றிக்கொண்டது.

பிள்ளை பிறந்தது, பெண். இரத்தம் பார்த்தார்கள். பயப்படும் அளவில் இல்லை, வளர வளரப் பார்ப்போம் என்றார்கள். வளர வளர என்றால் எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளை பார்க்க வரட்டாம் என்று சுதாவின் புருசன் போன் எடுத்தார். போனேன். வெறுங்கையோடு போனேன், நான் செய்த எதையும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்தேன். போனதும் குளியலறைக்குப் போய் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டேன். கழுவித் துடைத்துவிட்டு, திரும்பவும் கழுவினேன். சுதா பிள்ளையோடு குளியலறை வாசலில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“கழுவினது காணும் அக்கா. பிடி.”

பிள்ளையின் தலை என் முழங்கையில் வந்து தங்கியது. அந்த முழங்கை எலும்புக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். பிள்ளையைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை.