உறக்கம் கேட்டு ஜெபித்தேன்

என்னுடைய வேன் சானல் கால்வாயில் விழாமல் தப்பியதை எங்கள் ஜெபக்குழுவில் அற்புதம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தேவதூதன் வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தானாம். கேட்கக் கேட்க எனக்குக் குமட்டுகிறது. ஓட்டியவன் நான். நடந்ததை நான் சொல்லுகிறேன், அதற்குப் பிறகு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

நான் புதுக்கடைப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமைதோறும் முழு இரவு ஜெபத்துக்குப் போவேன். சும்மா போய் உட்காருகிறவன் இல்லை. யாராவது கண் அசந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து, "தூக்க ஆவியே, வெளியே போ" என்று அதட்டுவது என் வேலை. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், கைப்பிள்ளைக்காரி, யாரையும் விட்டதில்லை. அதைப் பக்தி என்று நினைத்தேன். த்தூ! சனிக்கிழமை பள்ளி இருந்தால், ஜெபம் முடிந்ததும் முகம் கழுவி, பால் விடாத கட்டன்சாயா ஒன்று குடித்துவிட்டு வண்டியை எடுப்பேன்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. மழைக்கு விட்ட லீவுக்குப் பதிலாக அன்று பள்ளி வைத்திருந்தார்கள். சானல்கரை ரோட்டில் போகிறேன். ஒரு பக்கம் கரை முட்டத் தண்ணீர் ஓடுகிறது. பின்னால் சின்னப் பிள்ளைகள் பாடுகிறார்கள். அதுவரைதான் எனக்கு ஞாபகம். அடுத்துக் கேட்டது, வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்காவின் அலறல்.

"எலே ஸ்டீபா, ஒறங்குதியாலே! சவுட்டு! பிரேக்க சவுட்டுலே!"

மிதித்தேன். முன்சக்கரம் கரையின் விளிம்பில் நின்றது. ஒரு பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. விளையாட்டு என்று நினைத்திருக்கிறது. எல்லாரையும் இறக்கிவிட்டு அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஒனக்க ஜெபமும் நீயும்! இந்தப் பிள்ளியளுக்க அம்மைமாருக்க மொகத்துல நான் எப்பிடிலே முழிப்பேன்?"

அன்று மாலையே ஜெபக்குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். "பிரதர், இத சபையில சாட்சியா சொல்லணும். ராத்திரி முழுக்க ஜெபிச்சதுனாலதான் தப்பினீரு."

"ராத்திரி முழுக்க ஜெபிச்சதுனாலதான் ஒறங்கினேன்" என்றேன்.

"சே, அப்பிடிச் சொல்லப்பிடாது. ஜனங்களுக்க விசுவாசம் போயிரும். ஒரு நாய் குறுக்க சாடிச்சுண்ணு சொல்லும்."

நாயாம்! ஆண்டவருக்கு மகிமை சேர்க்க ஒரு பொய் நாய் தேவைப்படுகிறது. அவரை வாசலோடு அனுப்பினேன்.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர். டாக்டர் தந்த மாத்திரையும் கேட்கவில்லை. வேனுக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டுப் பேய் பிடித்தவன் மாதிரி முற்றத்தில் நடந்தேன். இப்படியே போனால் எனக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்தேன். கடைசியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, ஒறக்கம் தாரும். வேற ஒண்ணும் வேண்டாம்." எத்தனையோ இரவுகள் தொண்டை கிழியக் கத்தியவன், அன்று இவ்வளவுதான் கேட்டேன்.

வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாக்களின் முகம்தான் மனதில் வந்தது. போய்ச் சொல் என்று உள்ளே உறுத்தியது. விடிந்ததும் வீடு வீடாகப் போனேன். உறங்கிவிட்டேன், நாயும் இல்லை, தூதனும் இல்லை என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். பிந்து என்ற தாய் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து ஒறங்கினீரா?"

"இல்ல."

"அப்ப போய் ஒறங்கும். இனி தெனம் காலைல உம்ம மொகத்தப் பாத்துட்டுதான் பிள்ளைய ஏத்துவேன்."

வீட்டுக்கு வந்து சட்டைகூடக் கழற்றாமல் படுத்தேன். மாலையில்தான் எழுந்தேன். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். "செத்துப் போனீங்களோண்ணு மூக்குல கை வச்சுப் பாத்தேன்" என்றாள். சிரித்தேன். பிறகு அழுதேன். கேட்டதை ஆண்டவர் தந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் இதையே சொன்னேன். ஸ்டீபன் விசுவாசத்தில் பின்வாங்கிப்போனான் என்று இப்போது பேச்சு. பேசட்டும். மறுநாள் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் இரவில் மனைவியோடு சேர்ந்து ஜெபித்துவிட்டுப் படுக்கிறேன். மறுநாள் பள்ளி இல்லையென்றால் முழு இரவு ஜெபத்துக்கு ஆசையாகப் போகிறேன். அங்கே யார் கண் அசந்தாலும் தலைக்கு ஒரு துண்டை மடித்து வைக்கிறேன்.

வண்டி ஓட்டுகிறவர்களே, நர்ஸ் பிள்ளைகளே, மின்கம்பம் ஏறுகிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்லுகிறேன். புயலில் ஆடிய படகிலே நம் ஆண்டவர் படுத்து உறங்கினார். அவரைவிடப் பரிசுத்தராக நாம் ஆக வேண்டாம். இரவெல்லாம் நாம் காவல் இருந்தால்தான் உலகம் நடக்கும் என்று நினைப்பது விசுவாசம் அல்ல, திமிர். விழித்திருக்க அவர் இருக்கிறார். நம்பி விளக்கை அணையுங்கள்.