அக்கா பெயருக்கு வந்த கொய்யாப்பழங்கள்

மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு இறக்கினால் ஒரு வாடை வரும். புளிப்பும் இரும்பும் கலந்த வாடை. விரலில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாது. டிசம்பர் என்றதும் மற்றவர்களுக்குக் கேக்கும் நட்சத்திர விளக்கும் நினைவுக்கு வருமாம். எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது அந்தப் பசையின் வாடைதான், அதற்குப் பின்னாலேயே ஒரு பொய்யும் வரும்.

உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவே, தார்ச்சாலையை விட்டு வயலுக்குள் இறங்கும் மண்பாதையின் முடிவில் எங்கள் காலனி இருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. அதில்தான் சனிக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு வாலிபர் ஐக்கியம் கூடும். என் அக்கா எப்சிபா அதற்குச் செயலாளராக இருந்தாள். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த வருஷம், ஜூன் மாதத்தில், திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் விடுதியோடு வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அடுத்த செயலாளர் யார் என்று போதகர்ஐயா கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்காவின் பதிவேடு என் கையில் இருந்ததால் வேலையும் என் கையிலேயே தங்கிவிட்டது. அப்போது எனக்குப் பதினைந்து வயது.

இன்று யோசித்தால், அந்த வேலை எனக்கு வேண்டியே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா எங்களோடு இல்லை. அம்மா நடவுக்கும் களைக்கும் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அக்காவின் பாய் சுருட்டியபடி மூலையில் நின்றுகொண்டிருக்கும். வாரத்தில் ஆறு நாள் நான் அந்த வீட்டில் என் குரலையே கேட்காமல் இருப்பேன். சனிக்கிழமை மட்டும் நாலு மணிக்கே போய் அறையைப் பெருக்கி, பாயை விரித்து, அன்றைய நிகழ்ச்சிகளைக் கரும்பலகையில் எழுதி, வேப்பமரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை ஆறு மணிக்கு இரும்புக் கம்பியால் அடித்து, "இன்னா செயலாளரே, இன்னிக்கி இன்னா ப்ரோக்ராமு?" என்று யாராவது கேட்கும்வரை காத்திருப்பேன். அந்த ஒரு கேள்விக்காகவே ஒரு வாரம் முழுக்க நிகழ்ச்சி யோசிப்பேன். ஒரு வாரம் வேத வினாவிடை, ஒரு வாரம் குறுநாடகம், ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாடுவது, எதுவும் தோன்றாத வாரம் பாட்டு நின்றதும் உட்காருகிற விளையாட்டு. நாற்காலி கிடையாது, பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து அதன்மேல்தான் உட்கார வேண்டும். விளையாட்டு முடியும்போது தாள் எல்லாம் கந்தலாகியிருக்கும்.

எங்கள் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டால் "பிரசன்ட்" என்று சொல்லக் கூடாது. எழுந்து நின்று ஒரு வசனத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வந்ததாக அர்த்தம். வந்தவருக்கு நேரே "வ" போடுவேன், வராதவருக்கு ஒரு சுழி. மூன்று மாதம் தொடர்ந்து வராதவர் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. சோம்பேறிப் பையன்களுக்கெல்லாம் ஒரே வசனம்தான், "இயேசு கண்ணீர் விட்டார்" என்கிற மூன்று சொல் வசனம். முதலில் பெயர் வருகிறவன் அதைச் சொல்லிவிட்டால் அடுத்தவன் சொல்ல முடியாது என்பதால், "அக்கா, எம்பேர மொதல்ல கூப்டுங்க" என்று என்னிடம் சிபாரிசுக்கு வருவார்கள்.

பதிவேட்டில் முதல் பெயர் அக்காவுடையது. அவள் கையாலேயே "செயலாளர் எப்சிபா" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். செப்டம்பரில் விதிப்படி அதை நான் அடித்திருக்க வேண்டும். அடிக்க மனசு வரவில்லை. பெயரை வாய்விட்டுக் கூப்பிடாமல், ஒவ்வொரு வாரமும் அவளுக்கு நேரே ஒரு "வ" போட்டுக்கொண்டே வந்தேன். பெயர் கூப்பிடுகிறவள் நான் என்பதால் என் பெயரைக் கூப்பிட ஆள் இல்லை. அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை "ஜெப நண்பர்" சீட்டு எடுப்பது எங்கள் வழக்கம். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கையில் வந்த பெயருக்காக மாதம் முழுக்க ஜெபம் பண்ண வேண்டும். யார் என்று சொல்லாமல் சின்னச் சின்னப் பரிசுகளைப் பெயர் எழுதி ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொருவராக எழுந்து தன் நண்பர் யார் என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள். பரிசு எனக்குப் பெரிசில்லை. முப்பது நாளும் இந்தக் காலனியில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்கிற நினைப்புத்தான் பெரிசு. அதற்காக நான் நவம்பரிலிருந்தே நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று காகித நட்சத்திரம் ஒட்டிய கையோடு, விரலெல்லாம் பசையாக, பதிவேட்டைப் பார்த்து அவசர அவசரமாகச் சீட்டு எழுதினேன். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு சீட்டு. அறையில் இருந்ததும் பன்னிரண்டு பேர். டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினேன், எல்லோரும் எடுத்தார்கள், மிச்சமிருந்ததை நான் எடுத்தேன். ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பரிசுப்பெட்டியைத் திறந்து பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுக்கும்போது ஒரு பொட்டலம் கையில் வந்தது. செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கொய்யாப்பழம். மேலே "எப்சிபாவுக்கு" என்று எழுதியிருந்தது.

"உங்கக்கா பேரு இன்னாத்துக்குப் பொட்டில கீது?" என்று பிரவீன் கேட்டான். என் வகுப்பில் படிக்கிறவன், வாய் சும்மா இருக்காது.

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு மூன்று பேர் முந்திக்கொண்டு, ஊரில் இல்லாத அக்காவையும் மறக்காமல் சேர்த்திருக்கிறாளே, நல்ல மனசு என்று பாராட்டத் தொடங்கிவிட்டார்கள். மாதத்துக்கு ஒரு முறை வருகிற போதகர்ஐயா அன்று பார்த்து வந்திருந்தார்; அவரும் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா இருக்கிறாள் என்றால் பன்னிரண்டில் நான் இல்லை. யார் கையிலும் என் பெயர் இல்லை. பாராட்டு நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து "ஐயோ, என் பேரை எழுத மறந்துட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு ஒரு சீட்டு எழுதியிருப்பார்கள். ஆனால் எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று வாய்விட்டுக் கேட்பது அந்த வயதில் பிச்சை கேட்பது மாதிரி இருந்தது. பெட்டியை மூடினேன்.

கொய்யாப்பழங்களை வீட்டில் மாடத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் அம்மா எடுத்துப் பார்த்து, "இன்னாத்துக்கு இத்தத் தொடாம வெச்சிக்கினு கீற? அவ வர்றதுக்குள்ள அழுவிப்பூடும். தின்னு" என்றாள். தின்றேன். நல்ல பழம், உள்ளே சிவப்பு. தின்னும்போது அழுகை வந்தது.

அதற்கடுத்த வாரம் அக்காவுக்கு ஒரு அட்டை ஹேர்பின் வந்தது. எனக்கு எதுவும் இல்லை. கடைசி நாள் வரை ஒன்றும் கொடுக்காத சோம்பேறி நண்பர்கள் எல்லா வருஷமும் உண்டு என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. பிரவீன் மட்டும், "செயலாளருக்கு வந்த ஆளு சரியான கஞ்சம் போல கீது. ஒரு சாக்லேட்டுகூட வாங்கித் தரல பாரு" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதற்கும் அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். பஜாரில் பாய் கடையில் ஒரு பென்சில் டப்பா வாங்கி, நட்சத்திரத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய ஜிகினாத்தாளைச் சுற்றி, இடது கையால் கோணல் மாணலாக "கிருபாவுக்கு" என்று எழுதி, யாரும் வருவதற்கு முன் பெட்டியின் அடியில் போட்டேன். ஆறு மணிக்கு மேல் அதை நானே எடுத்து, என் பெயரை நானே கூப்பிட்டு, நானே வாங்கிக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். "முழிச்சிக்கினான்டா!" என்று பிரவீன் கத்தினான். அந்த ஆரவாரத்தில் கடைசிச் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதை நான் மறந்தே போனேன்.

அக்காவுக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள், கையைப் பிடித்தார்கள், ஜெபித்தார்கள். சாலமோன் அண்ணன் எழுந்து, தான் எப்சிபாவுக்காக ஜெபித்ததாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நெல் அறுப்புக் காலத்தில் டிராக்டர் ஓட்டுவார், எங்களுக்கு டோலக் வாசிப்பார், அதிகம் பேசமாட்டார், அக்கா வயதுதான். பன்னிரண்டாவது ஆளாக நானும் என் நண்பரைச் சொல்லி முடித்தேன். பிரவீன் விடவில்லை.

"இரு இரு. செயலாளருக்கு யாரு? பென்சில் டப்பா குடுத்த ஆளு எழுந்திரு."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் ஏற்கெனவே ஒரு பெயரைச் சொல்லியாகிவிட்டது. பதிவேட்டை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் யாராவது கூட்டிப் பார்த்துவிடுவார்கள், பரிசை நானே எனக்குப் போட்டுக்கொண்டது தெரிந்துவிடும், அதற்குப் பிறகு இந்த அறைக்குள் எப்படிக் காலை வைப்பது என்று மட்டும்தான் நினைப்பு ஓடியது.

"நான்தான்" என்றார் சாலமோன் அண்ணன். தரையைப் பார்த்தபடியே எழுந்தார். "எனக்கு ரெண்டு சீட்டு வந்துச்சி. பசையில ஒட்டிக்கினு இருந்துச்சி. எப்சிபா பேரு ஒண்ணு, கிருபா பேரு ஒண்ணு. சொல்ல மறந்துட்டேன்."

"ரெண்டு பேருக்கு ஒரே ஆளா? அதான் ஒரு டப்பாவோட நிறுத்திக்கினாரு" என்றான் பிரவீன். அறையே சிரித்தது. சாலமோன் அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கர்த்தாவே, கிருபாவைக் காத்துக்கொள்ளும் என்று ஒரு வரியில் ஜெபித்தார். மாதம் முழுக்க நான் ஏங்கிய காரியம் அது. என் பெயரை ஒருவர் ஜெபத்தில் சொன்னார். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்கிற கோபம். அவர் கையில் டிராக்டர் கிரீஸ் வாசனை. என் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று காரணம் சொல்லிச் சாவியையும் பதிவேட்டையும் பிரவீனிடம் கொடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை ஆறு மணிக்குத் தண்டவாளத் துண்டின் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன். மே மாதத்தோடு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. சாலமோன் அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். நான் மேற்படிப்புக்குச் செங்கல்பட்டில் சித்தி வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் ஒரு நாள் போனில் எல்லாவற்றையும் சொன்னபோது, என் பென்சில் டப்பா கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "கொய்யாப்பழம் யாரு குடுத்தாங்கன்னு சொன்ன?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு அங்கேயே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த அறையை இடித்துவிட்டு மண்டபம் கட்டப் போகிறார்களாம். பழைய செயலாளர் என்பதால் அலமாரியைக் காலி செய்துதரச் சொன்னார்கள். வாலிபர் ஐக்கியம் இப்போது போனில் ஒரு குழுவாக இருக்கிறது. காலையில் யாரோ ஒரு வசனம் அனுப்புகிறார்கள், மற்றவர்கள் கைகூப்பிய படம் போடுகிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஷிப்டுக்குப் போகிறார்கள், சனிக்கிழமை என்று தனியாக ஒரு கிழமை அவர்களுக்கு இல்லை. வேப்பமரத்தில் கம்பி மட்டும் மரத்துக்குள் புதைந்து கிடக்கிறது, தண்டவாளத் துண்டைக் காணோம்.

அலமாரியின் கீழ்த்தட்டில் பதிவேடு கிடைத்தது. ஜூன் முதல் டிசம்பர் வரை அக்காவுக்கு நேரே வரிசையாக "வ". திருப்பூரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் ஒரு வாரம் தவறாமல் வந்திருக்கிறாள். அறையைப் பெருக்கி மணி அடித்த நான் ஒரு நாள்கூட வரவில்லை. இது எனக்குத் தெரிந்ததுதான். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன்.

ஜனவரியிலிருந்து கையெழுத்து வேறு. பெரிய பெரிய எழுத்து, பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியது. பன்னிரண்டு பெயருக்குக் கீழே, பதின்மூன்றாவதாக, "கிருபா". அதற்கு நேரே ஒரு சுழி. அடுத்த வாரமும் ஒரு சுழி. பிப்ரவரியில் நான்கு, மார்ச்சில் நான்கு. மூன்று மாதம் தாண்டியும் பெயரை அடிக்கவில்லை. பக்கம் திரும்பத் திரும்ப மற்றவர்கள் பெயருக்கு நேரேயும் சுழிகள் கூடிக்கொண்டே வந்தன. மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையில் "வ" ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சாலமோன் பெயருக்கு நேரே. அப்படியென்றால் ஜனவரியிலிருந்து எழுதிவந்ததும் அவர்தான். அன்று அவர் மணி அடித்துவிட்டு, பாயை விரித்து, ஆளில்லாத அறையில் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று வீடு தள்ளி நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். எவ்வளவோ வசனம் மனப்பாடமாகத் தெரிந்தவள்தான். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது பையன்கள் சண்டை போட்டுக்கொள்ளும் அந்த மூன்று சொல் வசனம் மட்டும்தான். அதையே சொன்னேன்.