முழுங்கிய கடைசி வரி

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். பழனியம்மாள் போய்விட்டார் என்று செய்தி வந்த காலையில், கணபதி ஊருக்குள் இருக்கும் என் மைக்செட் கடையில் உட்கார்ந்து அவருடைய முருகன் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அவர் பாடுகிற மாதிரி இல்லை. கேசட்டில் இன்னொரு பெண் பாடிய மாதிரி, கடைசி வரியைப் பாதியில் முழுங்கி. காதில் விழுந்திருந்தால், "ஏங்கண்ணு மைக்செட்டு, நீயுமா?" என்று கேட்டிருப்பார்.

அவரைத் தெரிந்த உங்களுக்கும் அந்த வரி முழுங்கப்பட்ட கதை தெரியுமோ என்னவோ. உடுமலைப்பேட்டையிலிருந்து, தாவணி வயதில், ரிக்கார்டுக்குப் பாட மதராசுக்குப் போயிருக்கிறார். அப்போதெல்லாம் ரிக்கார்டுத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். வீட்டில் ஆற அமர அரை மணி நேரம் பாடுகிற பாட்டை அதற்குள் அடைக்க வேண்டும். மைக்குக்கும் காது மந்தம் போல. குரலை உச்சத்துக்கு ஏற்றிக் கத்தச் சொன்னார்களாம். எதிரே கடிகாரத்தோடு நின்றவர் கையைத் தூக்கியதும் இவர் பயந்துபோய்க் கடைசி வரியில் பாதியை முழுங்கிவிட்டார். ரிக்கார்டு அப்படியே வந்துவிட்டது. "பாட்டா பாடுனேன்? உடுமலை பஸ்ஸைப் புடிக்க ஓடுற மாதிரி ஓடுனேன்" என்பார்.

அந்த ஓட்டம்தான் ஜனங்களுக்குப் பிடித்தது. மதுக்கரையில் ஒரு கோயில் நோம்பிக்கு நான்தான் மைக் கட்டினேன். அவர் கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்து நிதானமாக ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஏனுங்கம்மா, ஒடம்புக்குச் சரியில்லீங்களா? ரிக்கார்டுல இருக்கற மாதிரி பாடுங்க." கூட்டம் சிரித்தது. அவர் நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி முதலிலிருந்து ஓடினார். கடைசி வரியையும் மறக்காமல் முழுங்கினார். கைதட்டல் அடங்கவே இல்லை.

வண்டியில் திரும்பும்போது, "அம்மணி இன்னைக்கு நல்ல ஓட்டமுங்க" என்று சீண்டினேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பவர் அன்று சிரிக்கவில்லை. "ஒருக்காப் பயந்து ஓடுனேன் கண்ணு. அதுதான் என்ற நடைன்னு எல்லாருஞ் சொல்லிப்போட்டாங்க" என்றார்.

பிறகு கேசட் வந்தது. டவுனில் ஒரு கம்பெனிக்காரர் அவரைப் பாடக் கூப்பிட்டார். "ஒரு பக்கமே அரை மணி நேரமாமா! இனி ஓட வேண்டியதில்ல" என்று புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். அங்கே தாளம் போட ஆளே இல்லை. ஒரு பெட்டி டக்டக்கென்று யாருக்காகவும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. இவர் நிதானமாகப் பாடப் பாட, பெட்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, ஜனங்க கேக்கறது பழைய ரிக்கார்டுங்க. நீங்க அந்த மாதிரி பாட மாட்டேங்கறீங்களே." காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

பாட்டை ஒரு காலேஜ் பெண்ணை வைத்து எடுத்தார்கள். ரிக்கார்டைக் கேட்டுக் கேட்டுப் படித்த பெண். முழுங்கிய வரியையும் அச்சாக முழுங்கினாள். மிச்ச இடத்துக்கு வேறு பாட்டுகள். இப்போது டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் நாம் எல்லோரும் அப்படித்தான் முழுங்குகிறோம். தட்டு போய் நாடா வந்து இடம் எவ்வளவோ கூடிவிட்டது. நம் பொறுமைதான் மூன்று நிமிடத்திலேயே நின்றுபோனது.

கடைசியில் நானே அவர் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டைக் கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பதிவு செய்தேன். நாலாங்கிளாஸைத் தாண்டாத எனக்கு ராகம் தெரியாது. நடுவில் தூங்கியும் போனேன். கண் விழித்தபோது கடைசி வரியை முழுசாகப் பாடிக்கொண்டிருந்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "கொறட்டை உட்டுப்போட்டயே! அதும் சேந்து பதிஞ்சிருக்கும் போ" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் போற அன்னைக்கு இதைப் போடு கண்ணு. அன்னைக்கு யாரும் என்னைய ஓடச் சொல்ல முடியாதல்ல. ஒருக்கா முழுசாக் கேக்கட்டும்."

போட்டேன். அன்று கரண்ட் இல்லை. வாசலில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் என் டேப் ரிக்கார்டரை வைத்துப் பேட்டரியில் ஓடவிட்டேன். பாட்டு இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவருடைய மருமகன் குனிந்து, "ஏனுங்க, இழுத்து இழுத்துப் பாடுதுங்களே. பேட்டரிக் கட்டை தீந்துபோச்சாட்ட இருக்குதுங்க" என்றார்.

"இல்லீங்க, அம்மா பாடறதே அப்படித்தானுங்க."

"அம்மா பாட்டு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

கடைக்கு ஆள் அனுப்பிப் புதுக் கட்டைகள் வாங்கி மாற்றினார். பாட்டு அதே மாதிரிதான் ஓடியது. மெஷின் பழசு என்று யாரோ சொன்னார்கள். மருமகன் என் கேசட்டை எடுத்துவிட்டு அந்தக் காலேஜ் பெண்ணின் கேசட்டைப் போட்டார். "இப்பச் சரியாப் போச்சு பாருங்க" என்றார். கூடியிருந்தவர்கள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள்.

அவருடைய கேசட் என்னிடம் இருக்கிறது, என் குறட்டையோடு. கழற்றிப் போட்ட பேட்டரிக் கட்டைகளையும் எடுத்துவந்தேன். டார்ச் லைட்டில் போட்டிருக்கிறேன். நன்றாக எரிகிறது.