ஒன்பது டிகிரி

இது நடந்த கதை. நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் என் கடைக்கு வரலாம். மேசையின் இரண்டாவது டிராயரில் அந்தக் கார்டு இருக்கிறது. எடுத்துக் காட்டுகிறேன்.

பேய் என்றாலே நடு ராத்திரி, நாய் ஊளை, தானாகத் திறக்கும் ஜன்னல் என்று சொல்வார்கள். எனக்கு அந்த வசதியெல்லாம் கிடைக்கவில்லை. மதியம் 1:40. மண்டையைப் பிளக்கிற வெயில். பக்கத்துக் கடையில் சாவி அறுக்கும் மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அது என் கடைக்குள் வந்தது.

நான் லேப்டாப் பழுது பார்ப்பவள். பதினான்கு வருஷமாக. இன்னமும் சில பேர் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் எங்கேம்மா என்று கேட்பார்கள். போன வாரம்தான் அடக்கம் பண்ணினோம் என்பேன். அப்படிப்பட்ட வாய் எனக்கு. பயந்த சுபாவம் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு வந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பழைய துண்டில் சுற்றிய லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். கனமான, பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல். கணவருடையது. அவர் ஒரு கட்டட ஆபீசில் வரைபடம் போடுகிறவர். ஒரு விடுதிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி பால்கனிக்குக் கம்பி குறைவாகப் போடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். நேரில் பார்க்கப் போயிருக்கிறார். அவர் கீழே நிற்கும்போதே அது விழுந்துவிட்டது.

இறந்தவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டது ஆபீஸ். வரைபடமே தப்பு, வரைந்தவர் இவர்தான் என்று. அதோடு விடவில்லை. வேலை விஷயமாக வேண்டும் என்று இந்த லேப்டாப்பையும் வாங்கிப் போனார்கள். கடவுச்சொல் தெரியாமல் மூன்று வாரம் முட்டிப் பார்த்திருப்பார்கள் போல. பிறகு திருப்பிக் கொடுத்த மேனேஜர், பழசும்மா, ஆயுசு முடிஞ்சிருச்சு என்றாராம். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சு அது.

"நாளைக்குப் பத்தரைக்கு விசாரணை," என்றார் அந்த அம்மாள். "அவர் வரைஞ்ச ஒரிஜினல் இதுலதான் இருக்கு. அவர் தப்பாக் கோடு போடற ஆளு இல்ல."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முழங்கையை மேசைமேல் ஊன்றி உட்கார்ந்துகொண்டார். வேலை முடியாமல் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்துபோயிற்று. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் போதுமே என்று உங்களில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். முடியாது. ஆபீஸ் விதிப்படி அவர் கணவர் அதற்குப் பூட்டு போட்டிருந்தார். அந்தப் பூட்டு அந்த மெஷினின் போர்டோடு பிணைந்தது. வேறு எங்கே போட்டாலும் திறக்காது. அதே மெஷின் உயிரோடு வர வேண்டும், திரையில் படம் தெரிய வேண்டும். அந்த மாடலில் படம் காட்டுவது ஒரு தனி கிராஃபிக்ஸ் கார்டு. அது செத்தால் வேறு வழி கிடையாது.

வீட்டில் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தாராம். இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லையாம்.

1:58. நான் சுவிட்சை அழுத்தினேன். படம் வந்தது.

என் கைராசி என்று பெருமை அடித்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர் கடவுச்சொல்லை அடித்தார். உள்ளே போனோம். சரியாக நான்கு நிமிஷம். பிறகு திரையின் மூலையில் பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. பிறகு பத்து, நூறு. சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாம் உறைந்தது. மெஷின் தானே அணைந்து மறுபடி கிளம்பியது.

2:10. வெளி மானிட்டரை மாட்டிப் பார்த்தேன். அதிலும் அதே கோடுகள். அப்படியென்றால் திரையும் கேபிளும் நல்லவை, கார்டுதான் நோயாளி. இதுவரை எல்லாம் ஒழுங்கு. இந்தக் கோளாறை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

2:25. அடிமூடியைக் கழற்றினேன். கார்டின் சிப்புமேல் சூட்டை இழுக்கிற செப்புத் தகடு ஒன்று உட்கார்ந்திருக்கும். நான்கு திருகாணிகள். மூன்று சரி. நான்காவதின் தலை மழுங்கிப் போயிருந்தது, ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கவில்லை. சுற்றிலும் கீறல்கள். யாரோ கைவைத்திருக்கிறார்கள். துளைபோட்டு எடுக்கலாம்தான். ஒரு நூல் தவறினால் கார்டு காலி, நாளை விசாரணையும் காலி. எனவே தகட்டைத் தொடவில்லை. தூசியை மட்டும் ஊதிவிட்டு மூடினேன்.

அந்த முடிவை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆக, ஒவ்வொரு தடவைக்கும் நான்கு நிமிஷம். அதற்குள் தேட வேண்டும். அவருடைய ஃபோல்டர்களை ஒன்று விடாமல் திறந்தோம். கழிவறை வரைபடம் இருந்தது, மாடிப்படி இருந்தது, பால்கனி மட்டும் இல்லை. அந்த அம்மாளின் உதடு காய்ந்துபோனதைக் கவனித்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

2:50. நான்கு நிமிஷம் ஆறாக வேண்டுமானால் சூட்டைக் குறைக்க வேண்டும். கார்டின் வெப்பத்தைக் காட்டும் புரோகிராமை ஓடவிட்டேன். இந்த மாதிரி நோயாளிக் கார்டு தொண்ணூறு டிகிரி காட்டும். கையை வைத்தால் பழுத்துவிடும்.

ஒன்பது காட்டியது.

தொண்ணூறில் ஒரு சுழி விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்பது. கடைக்குள் முப்பத்தைந்து டிகிரி புழுக்கம். என் முதுகில் வியர்வை ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷின் அறையைவிடக் குளிராக இருக்க வழியே இல்லை. காற்று வெளியேறும் ஓட்டையில் விரலை வைத்தேன்.

வெடுக்கென்று எடுத்துவிட்டேன். ஐஸ்.

3:12. கோடுகள் விழுந்த நொடியில் திரையைப் படம் பிடிக்கும் கீயை அழுத்தினேன். இது எங்கள் தொழிலில் ஒரு சோதனை. பிடித்த படத்தை வேறு மெஷினில் திறந்து பார்ப்போம். அதில் கோடு இருந்தால் ஒரு நோய், இல்லாவிட்டால் வேறு நோய். அடுத்த நான்கு நிமிஷத்தில் அந்தப் படத்தைப் பென் டிரைவில் எடுத்து என் கம்ப்யூட்டரில் போட்டேன்.

கோடு இல்லை. சுத்தமான படம்.

ஆனால்... அது நாங்கள் பார்த்த திரை இல்லை.

நாங்கள் ஃபோல்டர்களைத்தான் திறந்து வைத்திருந்தோம். படத்தில், வரைபடம் போடும் புரோகிராம் திறந்திருந்தது. அதை நான் தொடவே இல்லை. அதில் ஒரு பால்கனி. கம்பிகளைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் எழுத்து: 'பதினாறு மில்லி. குறைக்கக் கூடாது.' கீழே தேதி, அவர் பெயரின் முதல் எழுத்து. மேலே ஃபைல் இருக்கும் இடம்.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அது என் ஃபோல்டரு," என்றார். "ஸ்வெட்டர் பின்னல் டிசைன் வச்சிருப்பேன்."

யாரும் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தே மனைவியின் பின்னல்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷன். அது சரி. நாங்கள் திறக்காத ஒன்றை எங்களுக்குத் திறந்து காட்டியது யார்?

ஷட்டரை இழுத்துவிட்டு ஓடியிருப்பேன். பொய் சொல்லவில்லை, செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது. இது என் கடை. வாடகை கொடுப்பவள் நான். இங்கே என்னைப் பயமுறுத்த உயிரோடு இருப்பவனுக்கும் உரிமை இல்லை, செத்தவனுக்கும் இல்லை. செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

3:51. மெஷின் கிளம்பியது. நேராக அந்த ஃபோல்டர். இருந்தது. பதினேழு வரைபடங்கள், எல்லாம் பெரியவை. காப்பி போட்டேன்.

மீதி நேரம்: ஒன்பது நிமிஷம்.

எங்களுக்கு இருப்பது நான்கு.

3:53. பாதிகூட ஆகவில்லை.

3:55. மூலையில் முதல் பச்சைக் கோடு.

அப்போது சத்தம் கேட்டது. டக்... டக்... டக்...

என் இரண்டு கையும் என் மடியில். அந்த அம்மாளின் கை மேசையின் ஓரத்தில்.

ஸ்பேஸ் பார் தானாக இறங்கி ஏறியது.

டக்... டக்...

"யோசிக்கும்போது அப்படித்தான் தட்டுவாரு," என்றார் அந்த அம்மாள். குரலில் நடுக்கமே இல்லை.

இரண்டாவது கோடு. மூன்றாவது.

பென் டிரைவைப் பிடித்தேன், விரல் மரத்துப்போயிற்று. குளிர்.

கோடுகள் பாதித் திரைக்கு வந்துவிட்டன.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தார். பஸ் ஏறப் போகிறவரை நிறுத்துவது போலக் கையை நீட்டினார்.

"ஏங்க. அவசரப்படாதீங்க. காப்பி ஆகட்டும்."

கோடுகள் நின்றன.

அப்படியே... அந்தந்த இடத்தில்...

3:57.

3:59.

சாவிக்கடை மெஷினும் நின்றுபோயிருந்தது. டக்... டக்... அது மட்டும்.

4:01. காப்பி முடிந்தது.

பென் டிரைவைப் பிடுங்கி என் கம்ப்யூட்டரில் போட்டேன். பதினேழும் திறந்தன. திரும்பி அந்த அம்மாளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

அவர் லேப்டாப்பின் மூடியை ஒரு தடவை தடவினார்.

"சரி. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

திரை அணைந்தது.

அதற்கப்புறம் அது எரியவே இல்லை. அன்றைக்கு மட்டும் இருபது தடவை அழுத்திப் பார்த்திருப்பேன்.

மறுநாள் விசாரணைக்கு நானும் போனேன். கடைக்கு விடுமுறை விட்டேன், அந்த மேனேஜரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. கம்பியின் கனம் பதினாறு மில்லி என்று அவர் வரைந்திருந்ததையும், ஆபீசில் அதைப் பத்தாக மாற்றியிருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இந்த மெஷினில் எப்படி எடுத்தீர்கள், திரைதான் போய்விட்டதே என்று மேனேஜர் இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்வியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழி நீங்கியது. அந்த அம்மாள் அன்றைக்குத்தான் அழுதார், வாசல் படியில் உட்கார்ந்து, ஊரே பார்க்க.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பதினோரு நாள் கழித்து, அந்த லேப்டாப்பை அவருக்குச் சரிசெய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. கார்டைக் கழற்றி, சிப்பு மாற்றுகிற அண்ணன் ஒருவருக்கு அனுப்பினேன். எந்நேரமும் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண் இருப்பதால் அவரைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம். மழுங்கிய திருகாணியைத் துளைபோட்டு எடுக்கச் சொல்லியிருந்தேன்.

காலை 11:20க்குப் போன் வந்தது.

"என்ன தங்கச்சி, விளையாடறியா? தகட்டுக்கு அடியில சிப்பே இல்லையே."

சும்மா உளறாதீர்கள் என்றேன். படம் அனுப்பினார். சிப்பு இருக்க வேண்டிய இடம் காலிச் சதுரம். பக்குவமாகச் சூடு காட்டிப் பெயர்த்து, ஈயத்தைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். தகடு சாயாமல் இருக்க நடுவில் ஒரு அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். பிரித்தால், அது அந்த மேனேஜரின் விசிட்டிங் கார்டு. சிப்பை எடுத்துக் குறைந்தது இரண்டு மாதமாவது இருக்கும், தூசி சொல்லுது என்றார் பூதக்கண்ணாடி.

அந்த விசிட்டிங் கார்டை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன், சிப்பில்லாத கிராஃபிக்ஸ் கார்டு என் டிராயரில் இருக்கிறது. மேனேஜர் இப்போது எந்தக் கேள்வியும் கேட்பதில்லை, பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறார். அது மனிதர்கள் செய்தது, எனக்குப் புரிகிறது.

புரியாதது இதுதான். சிப்பு இல்லாத கார்டு படம் காட்டாது. பச்சைக் கோடுகூடக் காட்டாது. அன்று இரண்டு மணி நேரத்துக்குமேல், வெளி மானிட்டரிலும் சேர்த்து, நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம்.

அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வேலையைப் பாதியில் விட்டு எழுந்திருக்க அவருக்குப் பிடிக்காது என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்று. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. கார்டின் வெப்பத்தை அளக்கும் சென்சார் சிப்புக்கு உள்ளேதான் இருக்கும். சிப்பே இல்லை.

அப்படியென்றால்... அந்த ஒன்பது டிகிரி யாருடைய உடம்பின் குளிர்?