மூன்று கை மாறிய புகார்

நெட் சென்டர் வேலை என்றால், அடுத்தவர் பாஸ்வேர்டை மறந்ததற்கு நாம் திட்டு வாங்குவது. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு நான் வாங்கிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய திட்டு.

நெதர்லாந்து பக்தர்

தரிசன டிக்கெட் பத்து மணிக்குத் திறக்கும், நாலைந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும். திருப்பதியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நாலைந்து நிமிஷம் எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்திரகிரியிலிருந்து ஒருவர் சொந்த லேப்டாப்போடு வந்து, எங்கள் வைஃபையைப் பிடித்துக்கொண்டு, "சைட்டே தொறக்கல, உங்க நெட்டு தண்டம்டா" என்று கத்துகிறார். எட்டிப் பார்த்தேன். திரையின் மூலையில் பச்சைப் பொட்டு. விபிஎன். அதைப் போட்டால் டிக்கெட் சீக்கிரம் கிடைக்கும் என்று அவர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அளந்துவிட்டிருக்கிறார்கள்.

அது வேகத்துக்கான சாமான் இல்லை. நாம் அனுப்புவதை யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு குழாய்க்குள் போட்டு, வேறு ஊர்க் கம்ப்யூட்டர் வழியாக விடும். சைட்டுக்கு அந்த ஊர்தான் தெரியும். இவருக்கு வாய்த்தது நெதர்லாந்து. வெளிநாட்டிலிருந்து யாரோ நுழையப் பார்க்கிறார்கள் என்று சைட் கதவைச் சாத்திவிட்டது. விபிஎன்னை அணைத்து உள்ளே போவதற்குள் டிக்கெட் காலி. அவர் ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த மலைய பாத்துக்கினே பல்லு வெளக்குறவன்டா நானு, என்னைப் போயி வெளிநாட்டான்னுடுச்சே!"

ஓசிக் குழாய்

நான் இன்டர் இரண்டாம் வருஷத்தோடு, நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூவோடு, நின்றவன். பாடம் ஏறாது. ஆனால் இது ஏறியது. இருக்கும் இடத்தை ஒரு பட்டனால் மாற்ற முடியுமா என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. என் போனிலும் ஓசி விபிஎன் ஒன்று போட்டேன். போட்ட உடனே அது என் கான்டாக்ட் லிஸ்டைக் கேட்டது. குழாய்க்கு எதற்கு என் அம்மா நம்பர்?

தேடித் தேடிப் படித்ததில் புரிந்தது. முன்பு போன் கம்பெனிக்காரன் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான், இப்போது குழாய்க்காரன் பார்க்கிறான். ஆள் மாறினானே தவிர, கண் மூடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். முதலாளி பாபு அண்ணன் தெலுங்குக்காரர், என்னிடம் தமிழ்தான் பேசுவார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "ஒரேய், நீ இப்டி பயம் காட்டுனா கடைக்கு எவன்ரா வருவான்?"

அலிபிரி கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலா அக்கா வந்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். ஊருக்கு வெளியே எவர்சில்வர் தகட்டை மெஷினில் அழுத்தி டப்பா மூடி செய்கிற கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். மெஷினுக்குள் கை போகாமல் தடுக்கிற கம்பிக்கூண்டை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்துவிட்டார்களாம். பக்கத்து மெஷினில் நின்ற பெண்ணுக்கு இரண்டு விரல் போய்விட்டது. இன்னொரு பெண் ஹாஸ்டல் வைஃபையிலிருந்து புகார் அனுப்பினாள், மறுநாளே மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். "பேரு தெரியாம அனுப்ப முடியுமா தம்பி? நாளைக்கு அந்த மெஷின்ல நிக்கப்போறது நானு" என்றார்.

இதற்கு ஓசிக் குழாய் ஆகாது. டோர் என்று ஒரு பிரவுசர் இருக்கிறது, நான் படித்து வாய் பிளந்தது அதைத்தான். அலிபிரிப் படிக்கட்டில் நடந்து ஏறுகிறவர்கள் பையைக் கீழே கொடுத்துவிட்டு மலைமேல் வாங்கிக்கொள்கிறார்கள் இல்லையா? வண்டி ஓட்டுகிறவருக்கு எந்தப் பை யாருடையது என்று தெரியாது. அப்படித்தான் இதுவும், மூன்று கை மாறும். முதல் கைக்கு அனுப்பியது யார் என்று தெரியும், எங்கே போகிறது என்று தெரியாது. நடுக் கைக்கு இரண்டும் தெரியாது. கடைசிக் கைக்கு எங்கே போகிறது என்று தெரியும், யாருடையது என்று தெரியாது. மூன்றும் யாரோ முன்பின் தெரியாதவர்கள் தங்கள் செலவில் ஓடவிட்டிருக்கிற கம்ப்யூட்டர்கள். ஒரு பள்ளிப்பட்டுப் பெண்ணின் விரலைக் காப்பாற்றத்தான் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. திரையில் வழி வந்தது: ஜெர்மனி, ருமேனியா, பின்லாந்து. கலா அக்கா விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். "மெட்ராஸையே ரெண்டு தபாதான் பாத்துக்கிறேன், என் கடுதாசி எத்தினி நாடு சுத்துது பாரு!"

நெயில் பாலிஷ்

உடனே ஒரு காரியம் செய்தார். பழக்க தோஷத்தில் தன் சொந்த மெயிலைத் திறந்து பாஸ்வேர்ட் அடிக்கப் போனார். கீபோர்டைப் பிடுங்கிவிட்டேன். மூன்று நாடு சுற்றி ஒளிந்துகொண்டு போய், கடைசியில் "நான்தான் கலா" என்று சொல்கிற கதை! போன் நம்பர் கேட்காத புது மெயில் ஒன்று திறந்து, தொழிற்சாலைகளைச் சோதிக்கிற ஆபீசுக்குப் புகாரை எழுதினோம்.

கலா அக்கா போனில் எடுத்து வந்திருந்த, கூண்டு இல்லாத மெஷினின் படத்தைச் சேர்க்கும்போது பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷினுக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். ஹாஸ்டலில் டம்ளர் மாறிப்போகாமல் இருக்க எல்லாரும் நெயில் பாலிஷில் பெயர் எழுதி வைப்பார்களாம். ரோஸ் கலரில், கொட்டை எழுத்தில், "கலா". வழியைத்தான் டோர் மறைக்கும், பைக்குள் இருப்பதை மறைக்காது. டம்ளரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்தப் போனில் எடுத்தது என்ற விவரம் எதுவும் ஒட்டாமல் அனுப்பினோம். கலா அக்கா பெருமூச்சு விட்டார்: "அம்மாடி, சூப்பர்வைசரு கண்டுபுடிக்கறதுக்கு மின்ன என் டம்ளரே சொல்லிக் குடுத்திருக்கும்!"

பன்னிரண்டாம் நாள்

பன்னிரண்டாம் நாள் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார், கையில் ஹாஸ்டல் பெண்கள் படம் ஒட்டிய தாள். பாபு அண்ணனுக்குத் தெரிந்தவர்தான், அவர்கள் அடையாள அட்டை எல்லாம் நாங்கள்தான் லேமினேட் பண்ணுவோம். "ஆபீசருங்க வந்து மெஷினுக்கு சீல் வெச்சுட்டாங்க. புகார் மெயிலோட காப்பி எங்க கைக்கு வந்துச்சு. எங்க கம்ப்யூட்டர் ஆளு தலகீழா நின்னு பாத்துட்டான், எந்த ஊர்லருந்து வந்துச்சுன்னே தெரியல" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வழியிலிருந்த அந்த மூன்று கையும் காட்டிக்கொடுக்கவில்லை!

ஆனால் அவர் விடவில்லை. புகார் போன அந்த ஞாயிறு வெளியே போன பெண்கள் எந்த நெட் சென்டரில் உட்கார்ந்தார்கள் என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். எங்கள் கவுன்டருக்கு மேலே கேமரா இருக்கிறது. பதினைந்து நாள் வைத்திருந்து தானே அழித்துக்கொள்ளும். அதில் கலா அக்கா முகம் ஒரு மணி நேரம் இருக்கிறது. பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். "அந்த ஆதிவாரம் ரெக்கார்டிங்க தெறந்து சாருக்குக் காட்டு" என்றார் பாபு அண்ணன். கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. "திறக்கமாட்டேண்ணா" என்றேன். கம்பெனி ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாபு அண்ணன் முகம் சிவந்துவிட்டது, ஒரு பேப்பரையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினார்: "பாஸ்வேர்ட இதுல எழுதி வெச்சுட்டு வூட்டுக்குப் போ, புத்தி வந்தா நாளைக்கு வேலைக்கு வா!"

இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்குச் சொன்ன வேலைகளிலேயே சுலபமானது அதுதான், வெறும் எட்டு எழுத்து. கேமரா அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தானே அழித்துக்கொள்கிற வரைக்கும் மூன்று நாள் வீட்டில் படுத்துக் கிடந்தேனே தவிர, அதை மட்டும் நான் செய்யவில்லை.