பக்கக் கண்ணாடி, பன்னிரண்டாயிரம்

நேற்று ஒரு லாரி உரசியதில் என் காரின் பக்கக் கண்ணாடி உடைந்தது. அது இல்லாமல் ஒரகடம் சாலையில் கன்டெய்னர்களுக்கு நடுவே ஓட்ட எனக்குத் துணிவில்லை. வியாழக்கிழமை மனைவியைக் கண்ணில் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

இன்று சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டாயிரம் என்றார்கள்.

"கண்ணாடி மட்டும் கிடைக்காதா?" என்றேன், தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்ற பயத்தோடு.

"தனியா வராது சார். கண்ணாடிய திருப்புற மோட்டாரோட முழு செட்டாத்தான் வாங்கணும்."

"என் மோட்டார் நல்லாத்தானே இருக்கு?"

"அத தூக்கிப் போட்டுடுவோம் சார். புது செட்டு வடக்க, டெல்லி பக்கம் கம்பெனி குடோன்லேர்ந்து வரணும். பத்து நாள் ஆவும்."

அந்தக் கண்ணாடி பக்கத்திலிருக்கும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில்தான் தயாராகிறது. என் மாடியில் குடியிருப்பவர் அந்த லைனில்தான் ஷிப்ட் பார்க்கிறார். பகல் கொள்ளை!

இதை அங்கே சொல்லவில்லை. பணத்தைக் கட்டி, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமைக்கு ஆட்டோதான்.

திட்டத் தெரிந்தவர்கள் கீழே கமென்ட்டில் என் சார்பில் திட்டுங்கள். எனக்கு வரவில்லை.